நெல் பச்சையாக நிற்கும்போது பொங்குவது ஏன்? யாழ்ப்பாணத்துத் தைப்பொங்கலும் புதிரும்

சென்ற தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் வந்து திரும்பிய ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். பொங்கலை அறுவடைத் திருநாள் என்றுதான் படித்திருக்கிறோம், ஆனால் அன்று சாவகச்சேரிப் பக்கம் போனபோது வயலில் நெல் வெட்டப்படாமலே நின்றதே, அப்படியானால் எதன் பொருட்டுப் பொங்குகிறோம் என்பது முதலாவது. ஓராண்டு 14ஆம் திகதியும் மற்றோராண்டு 15ஆம் திகதியும் பொங்கல் வருவது ஏன் என்பது இரண்டாவது. யாழ்ப்பாணத்துக்கென்று தனி முறை ஏதும் உண்டா என்பது மூன்றாவது. ஒன்றைத் தொட்டால் மற்றதும் கூடவே வருவதால் மூன்றுக்கும் சேர்த்தே விடை எழுதுகிறேன்.

முதற் கேள்வியைக் கேட்டவர் வயலைச் சரியாகவே பார்த்திருக்கிறார். எங்கள் ஊரில் தைப்பொங்கல் சூரியனுக்குரிய நாள். புதுநெல்லுக்குரிய நாள் அதன் பின் வருகின்ற தைப்பூசம். அன்றைய சடங்குக்குப் புதிர் என்று பெயர். பாடப்புத்தகத்தில் இரண்டையும் ஒரே வசனத்துக்குள் அடக்கி ‘உழவர் திருநாள், அறுவடைத் திருநாள்’ என்று எழுதிவிட்டதால், வயலைப் பார்த்திராத பிள்ளைகளுக்குக் குழப்பம் வருவதில்லை, பார்த்தவர்களுக்குத்தான் வருகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. மாரிக்கு மட்டும் நீர் ஓடுகின்ற வழுக்கையாற்றை ஆறு என்று சொல்லிக்கொள்வது எங்கள் ஆசைக்குத்தான். நிலத்துக்கடியில் சுண்ணாம்புக்கல், அதன் வெடிப்புகளில் தேங்குகின்ற மழைநீரைக் கிணற்றிலிருந்து இறைத்துப் புகையிலை, வெங்காயம், மிளகாய், வாழை என்று தோட்டம் செய்யலாமே தவிர, நெல்லுக்கு அந்த நீர் கட்டாது. ஆகவே நெல் முழுக்க முழுக்க வானத்தை நம்பி விதைக்கப்படுகிறது. ஆவணி, புரட்டாதியில் புழுதியாக உழுது விதைத்துவிட்டு, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகீழ்ப் பருவமழை வருமென்று காத்திருந்து, மார்கழிப் பனியில் கதிர் வெளிவருவதைக் கண்டால்தான் கமக்காரனுக்கு மூச்சு வரும். இதனைக் காலபோகம் என்போம். மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய நெல்லினங்கள் விளைய நாளெடுப்பவை. அவற்றுக்கு மாசியிலும் அரிவி வெட்டு, அதாவது அறுவடை, நடந்தது. இக்காலத்துக் குறுங்கால இனங்கள் முந்தி வருகின்றன என்றாலும், தை பிறக்கும் நாளில் பெரும்பாலான வயல்களில் கதிர் தலை சாய்த்திருக்குமேயொழிய முற்றியிராது. ஒரு கதிரை இழுத்துப் பார்த்தால் நுனி மணிகள் மஞ்சளாகவும் அடி மணிகள் பச்சையாகவும் இருக்கும். அடி மணியை நகத்தால் நெரித்தால் இன்னும் பால் கசியும்.

காவிரிப் படுகையின் கதை வேறு. அங்கே ஆடியில் தொடங்குகின்ற சம்பா தையில் களத்துக்கு வருவதால், பொங்கலும் அறுவடையும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் சந்தித்துக்கொள்கின்றன. அறுவடைத் திருநாள் என்ற பெயர் அந்த மண்ணுக்குப் பொருத்தமானது. எங்கள் பானைக்குள் விழுவதோ போன போகத்து அரிசி, அல்லது கடையில் வாங்கிய அரிசி.

அப்படியானால் எங்கள் கமக்காரர் எதற்காகப் பொங்கினார்கள்? பால் பிடித்த மணி முற்றுவதற்கு வெயில் வேண்டும். கார்த்திகையில் மழைக்காகக் கோயிலில் நேர்ந்துகொண்டவர்களுக்குத் தை பிறந்ததும் மழையே பகையாகிவிடுகிறது. இந்த நேரத்தில் காலந்தப்பி இரண்டு நாள் மழை கொட்டினால், தலைகனத்த நெல் நிலத்தோடு படுத்துவிடும். படுத்த கதிர் ஈரத்தில் முளைத்துவிடும். ஆறு மாத உழைப்பு மாட்டுத்தீவனமாகப் போய்விடும். ஆகவே விளைந்ததற்குச் சொல்லும் நன்றியோடு, இன்னும் ஒரு மாதத்துக்கு முகத்தைக் காட்டு என்று சூரியனைக் கேட்கின்ற விண்ணப்பமும் அந்தப் பானையில் சேர்ந்தே பொங்குகிறது என்று நான் கருதுகிறேன். இது என் ஊகம்தான். ஆனால் தை பிறந்த பிறகு மேகம் கறுத்தால் கமக்காரர் முகம் எப்படியிருக்கும் என்று கண்டவர் இதை எளிதில் மறுக்கமாட்டார்.

இனி நாள் பற்றிய கேள்விக்கு வருவோம். சூரியன் தனு இராசியை விட்டு மகர இராசிக்குள் புகுகின்ற கணத்தை மகர சங்கராந்தி என்கிறோம். அதிலிருந்து தை மாதம் தொடங்குகிறது. (எங்கள் ஊரில் ஜனவரியையே தை என்று சொல்லுகின்ற வழக்கம் இருப்பதால், ‘தை 14இல் தை பிறக்கும்’ என்ற விசித்திரமான வசனத்தை வெளியூரார் கேட்டுத் திகைப்பதுண்டு.) தேவர்களுக்கு ஓராண்டு ஒரு நாள் என்றும், சூரியன் தெற்கு நோக்கிச் செல்லுகின்ற தட்சிணாயனம் அவர்களின் இரவு என்றும், வடக்கு நோக்கிச் செல்லுகின்ற உத்தராயணம் பகல் என்றும், மார்கழி வைகறை என்றும் புராண மரபு கணக்கிடுகிறது. அதன்படி தை முதல் நாள் தேவருலகத்தின் விடியல். பாரதத்தில் அம்புப் படுக்கையில் கிடந்த வீடுமர் (பீஷ்மர்) உயிர் துறக்கக் காத்திருந்தது இந்த உத்தராயணத்துக்காகத்தான்.

வானியலை அறிந்தவர் இங்கே ஒரு தடை எழுப்புவார். சூரியன் உண்மையில் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல் அல்லவா? ஆம். நமது நாட்காட்டி விண்மீன்களை வைத்து ஆண்டை அளக்கிறது. சூரியன் விண்மீன்களின் பின்னணியில் ஒரு சுற்றை முடிக்க எடுக்கும் காலம், பருவங்களின் சுற்றைவிட ஏறத்தாழ 20 நிமிடம் கூடியது. ஆண்டுக்கு 20 நிமிடம் என்றால் 72 ஆண்டுகளில் ஒரு முழு நாள் சேர்ந்துவிடும். இப்போதுள்ள ஏறக்குறைய 24 நாள் இடைவெளி அப்படிச் சேர்ந்ததுதான். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் சங்கராந்தியும் சூரியன் திரும்புகின்ற நாளும் ஒன்றாகவே இருந்தன. பெயர் அக்காலத்தில் ஒட்டிக்கொண்டது, நாள் மெல்ல நகர்ந்துவிட்டது.

14, 15 என்று மாறுவதற்குக் காரணம் இன்னும் எளியது. சங்கராந்தி ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 6 மணி 9 நிமிடம் பிந்தி நிகழ்கிறது. நெட்டாண்டில் பெப்ரவரி 29 வந்து அதை ஒரு நாள் முன்னே இழுத்துவிடுகிறது. சூரியன் மறைவதற்கு முன் சங்கராந்தி நிகழ்ந்தால் அந்நாளே மாதத்தின் முதல் நாள். மறைந்தபின் நிகழ்ந்தால் மறுநாள். 2024இல் பொங்கல் 15ஆம் திகதி வந்தது. அந்த ஆண்டு நெட்டாண்டு என்பதால் 2025இல் 14ஆம் திகதிக்குத் திரும்பியது. யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்கள் வழக்கில் இருப்பது இன்னொரு சிக்கல். முன்னது பழைய கணித வாக்கியங்களின்படி கணிப்பது, பின்னது வானத்தில் காண்பதற்கேற்பத் திருத்தியது. இரண்டுக்கும் இடையே வேறுபாடு சில மணி நேரமே என்றாலும், சங்கராந்தி மாலை வேளையில் வந்தால் அந்தச் சில மணி நேரம் ஒரு நாளாகிவிடக்கூடும். எங்கள் ஒழுங்கையில் உள்ளவர்கள் இதில் தலையை உடைத்துக்கொள்வதில்லை. கோயில் ஐயர் சொல்லுகின்ற நாளில் பொங்கிவிடுவோம்.

தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்ற வாதத்தையும் சிலர் இதோடு சேர்த்துக் கேட்பார்கள். தமிழ்நாட்டு அரசு 2008இல் அவ்வாறு சட்டம் இயற்றி, 2011இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் வருடப்பிறப்பு சித்திரையிலேயே இருந்துவருகிறது. மருத்துநீர் வைத்துத் தோய்வதும் பெரியவர்கள் கைவிசேடமாகப் பணம் கொடுப்பதும் சித்திரைக்குரியவை. பொங்கலுக்கு அவை இல்லை.

சைவர்களாகிய நாம் சூரியனை வணங்கலாமா என்று ஒரு மாணவன் முன்பு என்னைக் கேட்டான். சிவனுடைய எட்டு வடிவங்களில் சூரியன் ஒன்று. சிவாலயங்களில் சிவசூரிய வழிபாடும் உண்டு. மாலையில் சூரியனை வணங்குபவர்களைப் பார்த்து, அந்தச் சூரியனாக நிற்பவனும் சிவனே அல்லவா என்று கேட்டவர் அப்பர். அத்துடன் அவன் திருப்தியடைந்தானோ தெரியாது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்போது முற்றத்துக்கு வருவோம். ஆண்டு முழுவதும் சமையல் அடுப்படிக்குள் நடக்கின்ற வீட்டில், பொங்கல் நாளில் மட்டும் அடுப்பு வெளியே வருகிறது. படைப்பது யாருக்கோ அவர் பார்க்கும்படி சமைக்கவேண்டும் என்பதே முறை; சூரியனுக்குக் கூரை போட்டு வழிபடமுடியாது. முதல் நாளே முற்றத்தைக் கூட்டிப் புல் செருக்கி, சாணம் கரைத்து மெழுகிவிடுவார்கள். விடியப்புறம் எழுந்து தோய்ந்து, மெழுகிய இடத்தில் கோலம் போடுவது. தமிழ்நாட்டுப் பெண்கள் புள்ளி வைத்துப் போடுகின்ற சிக்குக் கோலத்தை எங்கள் ஆச்சிமார் பழகியதில்லை. உலக்கையை நிலத்தில் கிடத்தி, அதன் இரு பக்கமும் அரிசிமாவைத் தூவி மெல்லத் தூக்கினால், இரண்டு நேர்கோடுகள் கீறினாற்போல் விழும். அப்படி நான்கு பக்கமும் உலக்கையை வைத்து எடுத்தால் ஒரு சதுரம் கிடைக்கும். கிழக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு வாசல் விடுவார்கள். உள்ளே எந்தச் சித்திரம் போட்டாலும் போடாவிட்டாலும் அந்தச் சதுரம் இருந்தாக வேண்டும்.

சதுரத்தின் ஒரு பக்கத்தில் நிறைகுடம்: செம்பில் நீர், மேலே ஐந்து மாவிலை, அதன் மேல் முடியுள்ள தேங்காய். பக்கத்தில் குத்துவிளக்கு. தலைவாழையிலையில் சாணத்தாலோ மஞ்சளாலோ பிடித்த பிள்ளையார், தலையில் அறுகம்புல். நடுவில் மூன்று கல் வைத்து அடுப்பு. புதுப்பானையின் கழுத்தில் மாவிலையும், இலையோடு கூடிய இஞ்சி, மஞ்சள் கொத்தும் கட்டியிருக்கும். பானைக்குள் அரைவாசிக்கு மேல் நீரும் பாலும் விட்டு, கற்பூரத்தால் அடுப்பை மூட்டுவார்கள்.

இதிலே ஒரு சிறு தந்திரம் உண்டு. பால் கிழக்குப் பக்கமோ வடக்குப் பக்கமோ வழிந்தால் அந்த ஆண்டு நல்லது என்பது நம்பிக்கை. எங்கள் ஆச்சி அடுப்புக்கல் வைக்கும்போதே மேற்குப் பக்கத்துக் கல்லின் கீழ் ஓர் ஓட்டுத்துண்டைச் செருகிவிடுவார். பானை கண்ணுக்குத் தெரியாத அளவு கிழக்கே சரிந்து நிற்கும். ஆண்டுதோறும் எங்கள் வீட்டுப் பால் பிழையாமல் கிழக்கே வழிந்ததன் இரகசியம் அதுதான் என்று எனக்கு நெடுநாள் தெரியாது.

தைப் பனியில் விறகு ஈரமாகிவிடும். அதனால் ஊமல் என்கின்ற காய்ந்த பனங்கொட்டையும் காய்ந்த தென்னம்பாளையும் பன்னாடையும் முதல் நாளே உள்ளே எடுத்துவைக்கப்பட்டிருக்கும். அப்படியும் புகையும். கண்ணைக் கசக்கிக்கொண்டு நாங்கள் பானையை எட்டி எட்டிப் பார்ப்போம். “அவசரப்படாத மோனை, பால் தன்ர பாட்டில வரும்” என்பார் ஆச்சி. முதலில் ஓரத்தில் சிறு நுரை கட்டும். பின் நுரை நடுவில் கூடும். பிறகு ஒரே மூச்சில் எழுந்து கழுத்தைத் தாண்டி மாவிலையை நனைத்துக்கொண்டு வழியும். அந்தக் கணத்தில் சீனவெடி கொளுத்தப்படும். ‘பொங்கலோ பொங்கல்’ என்று கூவுகின்ற வழக்கம் எங்கள் பக்கத்தில் அவ்வளவாக இல்லை; அந்தக் கூச்சலை வெடி ஏற்றுக்கொண்டது எனலாம். படுத்திருப்பவர்கூட, எந்தத் திசையில் எத்தனையாவது வீட்டில் பால் பொங்கியது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

வழிந்தவுடன் வீட்டுத் தலைவர் இரு கைகளாலும் அரிசியை அள்ளி, பானையை மூன்று முறை சுற்றி, கிழக்கு நோக்கி நின்று மூன்று பிடி போடுவார். அதன் பின் மற்றவர்களும் ஒவ்வொரு பிடி போடலாம். கைக்குழந்தையின் கையைப் பிடித்து நாலு அரிசி போடச் செய்வதும் உண்டு. சடங்கு இவ்வளவுதான், மந்திரம் இல்லை, ஐயர் தேவையில்லை, கோயிலுக்குப் போகவேண்டிய கட்டாயமும் இல்லை. நமது பெருநாட்களில் வீட்டுக்காரர் தாமே பூசகராக நிற்கின்ற நாள் இது என்பது என் மனத்துக்கு மிகவும் பிடித்த செய்தி.

அதன் பின் அடுப்பு பெண்கள் கைக்குப் போகிறது. நாங்கள் இந்த உணவைப் புக்கை என்போம். பொங்கல் என்பது நாளின் பெயர். இரண்டு சுண்டு (எங்கள் ஊர் முகத்தல் அளவை) சிவப்புப் பச்சையரிசிக்கு அரைச் சுண்டு பயறு எங்கள் வீட்டுக் கணக்கு. பயற்றை வாசம் எழும்வரை வறுத்து, திருகையில் உடைத்து, சுளகில் புடைத்துக் கோது நீக்கி வைத்திருப்பார்கள். ஒரு முழுத் தேங்காயின் முதற்பால் தனியே இருக்கும். அரிசியும் பயறும் நன்றாக அவிந்து குழைந்த பிறகுதான் சர்க்கரை போடவேண்டும்; முந்திப் போட்டால் அரிசி அவியாமல் விறைத்து நின்றுவிடும். (எங்கள் ஊரில் சர்க்கரை என்பது வெல்லம்; வெள்ளையாக இருப்பது சீனி. தமிழ்நாட்டுக் குறிப்பைப் பார்த்துச் செய்பவர்களும், எங்கள் குறிப்பைத் தமிழ்நாட்டில் செய்பவர்களும் இந்த இடத்தில் ஏமாறுவதுண்டு.) இறுதியில் தேங்காய்ப்பால், நெய், ஏலக்காய், கஜு (முந்திரிப்பருப்பு), பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை), கொஞ்சம் கற்கண்டு. சில வீடுகளில் சர்க்கரையோடு பனங்கட்டியும் சேரும். அதன் மணம் தனி.

சூரியன் ஆறரை மணியளவில் எழும்போது புக்கை இறங்கியிருந்தால் நன்று. தலைவாழையிலையில் அகப்பையால் அள்ளிவைத்து, அதன் மேல் நெய் விட்டு, வாழைப்பழம், இளநீர், கரும்புத்துண்டு வைத்துப் படைத்து, தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டி, தேவாரம் பாடி வணங்குவோம். கரும்பு எங்கள் மண்ணில் பெருமளவில் விளைவதன்று. பொங்கலுக்கு முதல் நாள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலோ சுன்னாகத்திலோ வாங்குவதுதான். அது இல்லாவிட்டால் பொங்கல் குறைபட்டுவிட்டதாக எங்கள் முன்னோர் எண்ணியதில்லை. போகிக்குப் பழையன எரிப்பதும், மூன்றாம் நாள் காணும் பொங்கலும் எங்களிடம் பெருவழக்காக இல்லை. இவை தொலைக்காட்சி வழியாக இப்போது மெல்ல உள்ளே வருகின்றன. வருவதில் பிழை ஒன்றுமில்லை, ஆனால் எங்களுடையவற்றை அவை தள்ளிவிடக்கூடாது.

அயலுக்குப் புக்கை கொடுப்பதை நான் சடங்கின் பகுதியாகவே கொள்கிறேன். ஆண்டுக்குள் இறப்பு நிகழ்ந்த வீட்டில், ஆட்டைத் திவசம் முடியும்வரை, பொங்கமாட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அயலார் அனைவரும் கொடுக்கவேண்டும் என்பது எழுதாத விதி. எங்கள் அம்மா முதற் கிண்ணத்தை அங்கேதான் அனுப்புவார். துக்கமுள்ள வீட்டில் அன்று பத்துவிதமான புக்கை சேர்ந்துவிடும். கத்தோலிக்க நண்பர்களின் தேவாலய வளவுகளிலும் அன்று பானை ஏறுவதைக் காணலாம்.

1995 ஒக்ரோபர் இறுதியில், போரினால், யாழ்ப்பாண நகரைச் சூழ்ந்த வலிகாமம் முழுவதும் பெயர்ந்து குடாநாட்டின் கிழக்கேயுள்ள தென்மராட்சிக்குப் போனது. அடுத்த தைப்பொங்கல் எங்களுக்கு யாரோ ஒருவருடைய வீட்டு முற்றத்தில் வந்தது. நான்கு குடும்பங்களுக்கு ஒரு அலுமினியப் பானை. பால் கிடைக்கவில்லை, தேங்காய்ப்பால்தான் பொங்கியது. வெடி கொளுத்துகின்ற காலமும் அதுவன்று. ஆச்சி கைமணியை அடித்தார். வீட்டுக்காரர் அரிசிச் சுளகை எங்கள் ஐயாவிடம் நீட்டி, “நீங்கள்தான் மூத்தவர், போடுங்கோ” என்றார். முற்றம் அவருடையது, அரிசியும் அவருடையது. ஐயா ஒரு பிடி மட்டும் போட்டுவிட்டு மற்ற இரண்டு பிடிகளையும் அவரைப் போடச்செய்தார். வீட்டுத் தலைவர் மூன்று பிடி போடவேண்டும் என்ற விதிக்கு அன்று இருவர் தேவைப்பட்டனர். வெளிநாட்டு மாடிக் குடியிருப்பில் காஸ் அடுப்பில் பொங்கினால் செல்லுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை இந்த நிகழ்ச்சிதான். கிழக்குப் பக்கத்து யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பொங்குங்கள்.

பகலானதும் பிள்ளைகளின் பொங்கல் தொடங்கும். தையில் வாடைக்காற்று ஒரே சீராக வீசும். மழை ஓய்ந்து வானம் வெளித்திருக்கும். பட்டத்துக்கு இதைவிட வாய்ப்பான காலம் இல்லை. கொக்கு, பிராந்து, எட்டுமூலை என்று பட்டம் கட்டி, அதன் தலையில் வில்போல் வளைத்த தடியில் நாரை இழுத்துக்கட்டி ‘விண்’ பூட்டுவார்கள். இப்போது நாருக்குப் பதிலாகப் பொதி கட்டும் பிளாஸ்டிக் நாடா. காற்று அந்த நாரை அதிரச்செய்யும்போது பட்டம் ‘ம்’ என்று இடைவிடாமல் கூவும். மாலையில் கயிற்றைப் பனையில் கட்டிவிட்டுப் படுத்தால் இரவு முழுவதும் அந்தக் கூவல் கேட்கும்; விடியும்போது சத்தம் நின்றிருந்தால் பட்டம் அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று பொருள். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பொங்கல் நாளில் நடைபெறும் பட்டப் போட்டி இதன் உச்சம். விமானம், கப்பல், பறவை என்று ஆள்நீளத்தைக் கடந்த விசித்திரப் பட்டங்கள் அங்கே ஏறும்.

மறுநாள் பட்டிப்பொங்கல். மாட்டுப்பொங்கல் என்றும் சொல்வர். ஆனால் ஆடும் கன்றும் சேர்ந்த பட்டி முழுவதற்கும் உரியது என்பதால் பட்டி என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மாடுகளைக் குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கழுத்தில் மாலையிட்டு, பட்டியடியில் பொங்கி, வாழையிலையோடு ஊட்டுவார்கள். மாடு புக்கையை விட்டு முதலில் இலையைத்தான் தின்னும். ஏறுதழுவுதல் எங்களிடம் இல்லை. எங்கள் வீரம் மாட்டுவண்டிச் சவாரியில்தான். சவாரித்திடலில் இரட்டை மாட்டு வண்டிகள் புழுதி கிளப்பி ஓடுவதைப் பார்க்க ஊர்கள் திரளும். சவாரி மாட்டுக்கு முட்டையும் உளுந்தும் கொடுத்து வளர்க்கின்ற வீடுகள் இன்றும் உண்டு. எங்கள் அயலில் மாடு இல்லாத ஒரு கமக்காரர் தமது லாண்ட்மாஸ்டர் என்கின்ற இருசில்லு உழவு இயந்திரத்தைக் கழுவிப் பொட்டு வைத்துப் படைக்கிறார். அது இலையைத் தின்னாது என்பது ஒன்றே குறை.

இவ்வளவு நடந்த பின்னரும் வயலில் நெல் அப்படியே நிற்கிறது. தை மாதத்துப் பூச நட்சத்திரம் பூரணையை ஒட்டி வருகின்ற நாள் தைப்பூசம். அது சந்திரனைக் கொண்டு கணிப்பது என்பதால் பொங்கலுக்கும் பூசத்துக்கும் இடையேயுள்ள தூரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024இல் பொங்கல் கழித்துப் பத்தாம் நாள், ஜனவரி 25இல், பூசம் வந்தது. 2025இல் நான்கு வாரம் கழித்து, பெப்ரவரி 11இல் வந்தது. பிந்தி வருகின்ற ஆண்டில் முற்றிய கதிர் தாராளமாகக் கிடைக்கும்; முந்தி வருகின்ற ஆண்டில் வரம்போரமாக நடந்து பழுத்ததாகப் பார்த்துப் பொறுக்கவேண்டும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் இது பூசத்துக்கு முதல் நாள் நடக்கும். தென்மராட்சியிலுள்ள கோயில் வயலுக்குச் சென்று, வழிபட்டுக் கதிரறுத்து, அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து முருகனுக்குப் படைக்கிறார்கள். வீடுகளில் நடப்பதும் இதன் சிறு வடிவம்தான். வீட்டுத் தலைவர் தோய்ந்து, தேங்காயும் கற்பூரமும் அரிவாளும் எடுத்துக்கொண்டு நல்ல நேரத்தில் வயலுக்குப் போவார். கிழக்கு நோக்கி நின்று தேங்காய் உடைத்து, ஒரு கைப்பிடிக் கதிரை அறுத்து, வெள்ளைத் துணியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வருவார். வாசலில் நிறைகுடமும் விளக்கும் வைத்து மனைவி அதை வாங்கிச் சாமியறையில் வைப்பார். பூசத்தன்று அந்தக் கதிரை உதிர்த்துக் குற்றி, கிடைக்கின்ற ஒரு சிறங்கை அரிசியைப் பழைய அரிசியோடு கலந்து சமைத்து, எல்லோரும் கூடியிருந்து உண்பார்கள். குழந்தைக்கு முதற்சோறு ஊட்டுவதற்கும் காது குத்துவதற்கும் அந்நாளைத் தேர்வதுண்டு. புதிர் உண்ணும்வரை அந்தப் போகத்து நெல்லை வாயில் வைப்பதில்லை என்று எங்கள் ஆச்சி சொல்லுவார். அவர் ஒருபோதும் வைத்ததுமில்லை.

அறுத்துவந்த கதிரில் ஒரு சிறு பிடியை மட்டும் குற்றாமல் எடுத்துக் கட்டி, அடுப்படி வாசலின் கூரை வளையில் தூக்கிவிடுவார்கள். அணிலும் குருவியும் மணியைக் கொறித்துவிட, அடுத்த ஆண்டுப் பொங்கல் வரும்போது அங்கே வெறும் தாள்தான் தொங்கிக்கொண்டிருக்கும். பூசத்தன்று புதுக்கதிரைக் கட்டுவதற்கு முன் அந்தத் தாளை அவிழ்த்துப் பசுவுக்குப் போடுவது எங்கள் வீட்டில் கடைசிப் பிள்ளையின் வேலையாக இருந்தது.